கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும்

சகோதரி, இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பதினொரு வயது மகனுக்கு எந்த போன் வாங்கலாம், எந்த சிம் நல்லது, தினமும் எத்தனை மணி நேரம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போனும் சிம்மும் எதுவானாலும் சரி. மணிக்கணக்குக்கு என்னிடம் ஒற்றைப் பதில் கிடையாது. உலக சுகாதார அமைப்புகூட 2019இல், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதே தவிர, பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எண்ணைத் தரவில்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னை உலுக்கிவிட்டது. "வீட்டுக்கு வரும் கடிதங்களை அவன்தான் போனில் பார்த்துச் சொல்கிறான்" என்கிறீர்கள். இதை இன்றே நிறுத்துங்கள்.

நாங்கள் 2013இல் வந்தபோது என் மகனுக்குப் பத்து வயது. இந்த மொழி அவனுக்கு ஆறே மாதத்தில் வந்தது, எங்களுக்கு வரவில்லை. பள்ளிக் கடிதம், மருத்துவரிடம் நேரம் வாங்குவது, வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போயின. ஓர் இரவு பதினொரு மணிக்கு, போனைக் கீழே வை என்று அதட்டினேன். "அப்பாவின் விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறேன்" என்றான். அன்று அது உண்மை. அடுத்தடுத்த இரவுகளிலும் அதையே சொன்னான். திரையில் இருப்பதைப் படிக்கத் தெரியாத நான் எதை வைத்துக் கண்டிப்பேன்? வகுப்பில் தூங்குகிறான் என்று பள்ளி எழுதிய கடிதத்தையும் அவனே படித்து, சுற்றுலா அறிவிப்பு என்றான். நான்கு மாதம் கழித்து, ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவன்மேல் கோபம் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தையே ஏற்றிவைத்தது நாங்கள்தான்.

உங்களுக்கு இன்று வசதிகள் அதிகம். கடிதத்துக்கு நேரே கேமராவைப் பிடித்தால் தமிழில் காட்டுகிறது. அதை உங்கள் போனில் நீங்களே செய்யுங்கள். பிள்ளையின் போனைக் கண்காணிக்கும் ஃபேமிலி லிங்க் 2017இலும், ஐபோனின் ஸ்கிரீன் டைம் 2018இலும்தான் வந்தன. எங்களுக்கு அவை இருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் பெற்றோர் கணக்கைத் திறந்ததும், அதற்குக் கடவுச்சொல் வைத்ததும் பிள்ளைதான்! இன்னொன்று: பதிமூன்று வயது வேண்டும் என்று செயலி கேட்டால் பிறந்த ஆண்டை மாற்றிப் போடாதீர்கள். மாற்றிப்போட்டால் சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இங்கே நம்மவர்களில் சிலர், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்கிறார்கள். பிரான்ஸ் 2018இலேயே பள்ளியில் சிறுவர்கள் போன் பயன்படுத்தத் தடை போட்டது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்கு. நல்ல சட்டங்கள்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டு அறைக்குள் எந்தச் சட்டமும் வராது. வேறு சிலர், என் பிள்ளை போனைத் தொடுவதே இல்லை என்று கூட்டங்களில் பெருமை பேசுவார்கள். அதைக் கேட்டு உங்கள் மகனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். புதிய பள்ளியில் அவன் வகுப்புத் தோழர்கள் பேசிக்கொள்வதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

நான் வேலை முடிந்து இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போனேன். வங்கிக் கடவுச்சொற்களை மாற்றினேன். முதன்முதலாக நானே ஒரு கடிதத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தது இன்றும் நினைவிருக்கிறது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரும்படி நூலகம் கேட்டிருந்தது, அவ்வளவுதான். மகன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து ஒரு சொல்லைத் திருத்தினான். பிறகு, "அப்படியானால் இனிமேல் நான் படிக்க வேண்டாமா அம்மா?" என்று கேட்டுவிட்டு, போனை மேசைமேல் வைத்துத் தூங்கப் போனான்.