வைக்கோலும் சோறும் ஒரே சர்க்கரைதானா? உயிர்வேதியியல் கேள்வி பதில்

கல்லூரியில் பல வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தேன். மாணவர்களைவிட வீட்டில் சமைப்பவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி): சார், உயிருள்ள உடம்பில் இருக்கிற கார்பனும் அடுப்புக் கரியில் இருக்கிற கார்பனும் ஒன்றா?

ஒன்றேதான். 200 வருடங்களுக்கு முன் பெரிய வேதியியலாளர்களே இதில் தடுமாறினார்கள். உடம்புக்குள் உண்டாகும் பொருள்களுக்கு ஏதோ ஓர் உயிர்விசை வேண்டும், கண்ணாடிக் குடுவையில் அவற்றைச் செய்ய முடியாது என்று நம்பினார்கள். 1828-ல் ஜெர்மன் வேதியியலாளர் பிரீட்ரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து யூரியாவை எடுத்துக் காட்டினார். சிறுநீரில் இருக்கும் அதே யூரியா. இன்று வயலுக்கு மூட்டை மூட்டையாக இறைக்கிறோமே, அதுவும் இதே மூலக்கூறுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் அணுக்கணக்கு ஒன்றே: ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். கோத்த விதம் மட்டும் வேறு. இந்தக் 'கோத்த விதம்' கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

கேள்வி: நம் உடம்பில் எந்தத் தனிமம் அதிகம்?

எடையில் ஆக்சிஜன், சுமார் 65 சதவீதம். பிறகு கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால்தான் ஆக்சிஜன் முந்திக்கொள்கிறது.

கேள்வி (மாடு வளர்ப்பவர்): மாடு வைக்கோலைத் தின்று பால் கொடுக்கிறது. நாம் வைக்கோல் தின்றால் ஏன் செரிக்காது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஐயா. சோற்றில் இருப்பது மாவுச்சத்து, வைக்கோலில் அதிகம் இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். இரண்டையும் பிரித்தால் கிடைப்பது ஒரே சர்க்கரை, குளுக்கோஸ். மாவுச்சத்தில் குளுக்கோஸ் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி கோக்கப்பட்டிருக்கும். அதனால் சரம் சுருண்டு, தளர்வாக இருக்கும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒரு மணி தலைகீழாகத் திரும்பியிருக்கும். சரம் நேராக நீண்டு, பக்கத்துச் சரங்களோடு இறுகப் பிணைந்து கயிறு போலாகிவிடும். செடி நிமிர்ந்து நிற்க அந்த உறுதி வேண்டும்.

நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி (என்சைம்) மாவுச்சத்தின் கண்ணியை மட்டுமே வெட்டும். குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு, இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள். மெல்ல இனிப்பு தட்டும். அந்த வெட்டு உங்கள் வாயிலேயே நடக்கிறது.

செல்லுலோஸை வெட்டும் நொதியை மாடும் தானாகச் சுரப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. மாடு உறிஞ்சிக்கொள்வது அவற்றை. பாலில் மிதக்கும் கொழுப்பில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். திடீரெனத் தீவனத்தை மாற்றினால் மாட்டுக்கு வயிறு கெடுவதும், அந்த நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்துபோவதால்தான்.

கேள்வி: மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்?

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் வளைவில்லாத நேரான கார்பன் சங்கிலிகள். விறகு அடுக்குவது போல ஒன்றின்மேல் ஒன்று படியும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நல்லெண்ணெயில் பெரும்பாலானவற்றில் இடையில் இரட்டைப் பிணைப்பு வந்து சங்கிலி மடங்கியிருக்கும். முறுக்கிய சுள்ளிகளை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? உறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கலப்படம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: முட்டையை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடுமா?

அழியாது. மடிந்திருந்த புரத இழை சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. வெள்ளைக்கரு கெட்டிப்படுவது அதனால். புரத இழையில் கோத்த மணிகளான அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கின்றன. பச்சை முட்டையைவிட வெந்த முட்டைதான் நன்றாகச் செரிக்கும்.

கேள்வி: காரத் தண்ணீர் (அல்கலைன் வாட்டர்) குடித்தால் இரத்தத்தின் அமிலம் குறையுமாமே?

குறையாது. வயிற்று அமிலத்திலேயே அந்தக் காரம் தீர்ந்துவிடும். இரத்தத்தின் பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிறுத்திவைப்பது நுரையீரலும் சிறுநீரகமும். அதற்காகக் காரத் தண்ணீர் தரும் விலை உயர்ந்த இயந்திரம் வாங்க வேண்டாம்.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் தாய்): முகச் சுருக்கத்துக்கு கொலாஜன் பவுடர் வாங்கலாமா சார்?

தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. அந்த மூன்றிழை வடிவத்தை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானிகள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகல். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின்தான் உட்கார முடியும். உலகமே பாடமாகப் படிக்கும் இந்தக் கண்டுபிடிப்பு நம் கிண்டிப் பக்கம் நடந்தது என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

இனி உங்கள் கேள்வி அம்மா. கொலாஜனைச் சாப்பிட்டால் வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் வெட்டிவிடும். கயிறு கயிறாகவே கன்னத்துக்குப் போய்ச் சேராது. உடம்பு தன் கயிற்றைத் தானேதான் திரிக்க வேண்டும். அந்தத் திரிப்பு உறுதிப்பட வைட்டமின் சி கட்டாயம். மாதக்கணக்கில் கடலில் இருந்த பழைய மாலுமிகளுக்குக் காயோ பழமோ கிடைக்காமல் ஈறில் இரத்தம் கசிந்ததும், ஆறிய புண் மறுபடி திறந்துகொண்டதும் இதனால்தான். பவுடருக்கு வைத்திருக்கும் பணத்தில் முட்டை, பருப்பு, கொய்யாப்பழம், நெல்லிக்காய் வாங்குங்கள். பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடலாம்.