பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால்: கேள்வி பதில்

வடசென்னையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். டிப்ரஷனில் ஆசையும் இன்பமும் வற்றிப்போவது பற்றி வந்த கேள்விகள் இவை.

வியாசர்பாடி: தம்பிக்கு ஃபுட்பால் என்றால் உயிர். நாலு மாதமாக முல்லை நகர் கிரவுண்டு பக்கமே போவதில்லை. அழுவதில்லை, சோகமாகவும் தெரியவில்லை. "போனா என்ன, போகலன்னா என்ன" என்கிறான். சோம்பேறித்தனமா?

சோம்பேறிக்கு வேலைதான் கசக்கும், விளையாட்டு கசக்காது. டிப்ரஷன் என்று சொல்ல 9 அறிகுறிகளில் 5 இருக்க வேண்டும், இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். அதில் சோகம், அல்லது ஆர்வமும் இன்பமும் போய்விடுவது, இந்த இரண்டில் ஒன்று கட்டாயம். ஆக, ஒரு சொட்டுக் கண்ணீர் வராமலும் டிப்ரஷன் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நாளைக்கு மேட்ச் என்று முந்தின ராத்திரியே பரபரப்பது ஒன்று. பந்து காலில் படும்போது வரும் சந்தோஷம் வேறொன்று. பலருக்கு அந்தப் பரபரப்புதான் அதிகம் அடிபடுகிறது. கிளம்பத் தோன்றாது, போய்விட்டால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் "வர்றியா?" என்று கேட்காமல், "பத்து நிமிஷம், லைனுக்கு வெளியே உட்கார்ந்துட்டு வந்துடலாம்" என்று கூடவே போங்கள். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். சின்னச் சின்னதாகச் செய்ய வைப்பதே டிப்ரஷனுக்கு ஒரு சிகிச்சை.

அப்புறம், ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் செய்துவிடுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். 14416 மனநல உதவிக்கான இலவச எண், 24 மணி நேரமும் பேசலாம்.

தண்டையார்பேட்டை: மூன்று வாரமாக மாத்திரை. தூக்கம் வந்துவிட்டது, எதிலும் ருசி வரவில்லை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கமும் பசியும் முன்னாடி திரும்பும், ஆசை பெரும்பாலும் பின்தங்கித்தான் வரும். சில மாத்திரைகளே உணர்ச்சியை மழுங்கடிப்பதும் உண்டு. அதை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

கொருக்குப்பேட்டை: சளி பிடித்ததிலிருந்து மீன் வாசமே தெரியவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

காசிமேடு: வேலை வெட்டி இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம். விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஓடுகிறவனுக்கு ஏது டிப்ரஷன்?

வரும். ஓடிக்கொண்டே இருப்பான், அதனால் யாருக்கும் தெரியாது. நிறைய ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும்தான் வெளியே தெரிகிறது.

ராயபுரம்: காசிமேட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். ஒரு குவார்ட்டர் போட்டால் கவலை போய்விடும்.

அன்றைக்கு ராத்திரி போகும், மறுநாள் கூடுதலாக வரும். தொடர்ந்து குடித்தால் மற்ற எதிலும் சுகம் தெரியாமல் போகும். அப்பாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? மூட்டை தூக்குகிறவர் இடுப்பு வலி என்றால் நம்புகிறோம். இதையும் நம்புங்கள்.

பெரம்பூர்: மாத்திரையை நிறுத்தலாமா?

மேலே சொல்லிவிட்டேன். நிறுத்தாதீர்கள்.

எண்ணூர்: குழந்தை பிறந்து இரண்டு மாதம். தூக்கினால் எதுவுமே தோன்றவில்லை. நான் கெட்ட தாயா?

இல்லைம்மா. பிரசவத்துக்குப் பிறகு வரும் டிப்ரஷனில் இப்படி ஆகும். குணமாகும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. இந்த வாரமே போங்கள். போகும்போது இந்தக் கேள்வியை இப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் வாரம் பார்க்காதீர்கள், இன்றே போங்கள்.