கேளுங்கள், சொல்கிறோம்: இரும்புக் கவசமும் மணல் மூட்டையும்

கேள்வி: ஆண்டுவிழாவில் எங்கள் மாணவர்கள் ஐரோப்பிய நைட் வீரர்களின் பயிற்சியை நடித்துக் காட்டப்போகிறார்கள். ஈட்டி குத்த எப்படிப் பழக்கினார்கள்? கவசத்தோடு விழுந்தவர் எழவே முடியாதாமே?
- ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: ஏழு வயதில் இன்னொரு பிரபு வீட்டில் எடுபிடி, 14 வாக்கில் ஸ்கொயர் (நைட்டின் உதவியாளர்), 21-ஐ ஒட்டி நைட் பட்டம். பொதுவான வரிசை இது.

ஈட்டிக்குப் பழக்கியது ‘குவின்டெய்ன்’. நட்ட கம்பத்தின் உச்சியில் சுழலும் குறுக்குக்கட்டை. ஒரு முனையில் கேடயம், மறுமுனையில் மணல் மூட்டை. கேடயத்தில் குத்தியதும் கட்டை சுழலும். குதிரையின் வேகம் குறைந்தால் மூட்டை சுற்றிவந்து முதுகில் அறையும். ஈட்டியை அக்குளில் இடுக்கிப் பிடிக்க வேண்டும்; வெறும் கைப்பிடி மோதலில் நழுவிவிடும். நீங்கள் மூட்டையில் பஞ்சு அடையுங்கள். கம்பத்தை இரண்டடியாவது புதையுங்கள், இல்லையேல் முதல் குத்திலேயே சாயும்.

எழ முடியாது என்பது வெறும் கதை. 15-ஆம் நூற்றாண்டுப் போர்க்கவசம் சுமார் 20–25 கிலோ. எடை உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். பிரெஞ்சு மார்ஷல் பூசிகோ, தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் போட்டாராம். அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது. உண்மையான தொல்லை சூடும் மூச்சுத்திணறலும்தான். அட்டைக் கவசம் ஏற்காட்டுக் குளிரில் தாங்கும். மே மாதச் சேலத்துக்கு இறக்கிவிடாதீர்கள்.