எந்தப் பதிப்பிலிருந்து எடுத்த படம்?

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்காக நடத்தும் ரசிகர் விக்கியில், ஒரே காட்சிக்கு வெவ்வேறு தரத்தில் பல ஸ்கிரீன்ஷாட்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை எவ்வாறு வகைப்படுத்துவது?

பதில்: ‘நன்று’, ‘சுமார்’ என்ற குறிப்புகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தொலைக்காட்சிப் பதிவு, டிவிடி, ப்ளூரே என்று மூலத்தின் பெயரையே பகுப்பாக வையுங்கள். அமெரிக்க டிவிடியின் சட்டகம் 720x480 பிக்சல். ப்ளூரேயில் அது 1920x1080. ஆனால் பிக்சல் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிட முடியாது; டிவிடி படத்தைப் பெரிதாக்கிச் சேமித்தால் கோப்புதான் பெரிதாகுமே தவிர நுணுக்கம் கூடாது.

உங்கள் தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டு வீடியோவில் தொகுக்கப்பட்ட அத்தொடருக்கு, 2012 முதல் வெளிவந்த ப்ளூரே பதிப்புக்காக மூலச் சுருள்களை மறுபடியும் ஸ்கேன் செய்து, விண்கலக் காட்சிகளைப் புதிதாக இணைத்ததோடு, சில கோள்களைக் கணினியில் புதிதாகவும் உருவாக்கினார்கள். ஆகவே 1987இல் தொடங்கிய ஒளிபரப்பில் மக்கள் கண்ட தோற்றத்தை விளக்கும் பக்கத்துக்கு, பழைய வீடியோ தொகுப்பிலிருந்து வந்த மங்கலான டிவிடி படமே சரியான சான்று. தரம் குறைவு என்று அதை நீக்கிவிடாதீர்கள் (ஆர்வமுள்ள புதியவர்கள் முதலில் செய்வது பெரும்பாலும் இதைத்தான்). கதாபாத்திரப் பக்கங்களுக்கு ப்ளூரே போதும்.

கோப்புப் பெயரில் பருவம், அத்தியாயம், மூலம் மூன்றும் இடம்பெறட்டும். ப்ளூரேயிலும் படம் 4:3 விகிதத்திலேயே இருப்பதால், இருபுறக் கறுப்புப் பட்டைகளை வெட்டிவிட்டு, 1440x1080 அளவில், தரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகப் பதிவேற்றுங்கள்; ஜேபெக் கோப்பை மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.