"டீச்சர், எங்க ஊர் டேங்க் எந்த அரசோடது?" – மூன்று அரசுகளையும் வகுப்பில் பிரித்துக் காட்டுவது எப்படி

கேள்வி: கிராமப்புற அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி மூன்றையும் ஒப்பிட்டு அட்டவணை எழுதிப் போட்டேன். பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் "உங்க ஊர் தண்ணீர்த் தொட்டியை யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டால் ஒருவன் கலெக்டர் என்கிறான், ஒருத்தி எம்.எல்.ஏ. என்கிறாள். எனக்கு நான்கு பாடவேளைதான் இருக்கிறது. எப்படி நடத்தலாம்?

பதில்: உங்கள் அட்டவணையில் குறை எதுவும் இருக்காது. அது முதல் நாளே வந்துவிட்டதுதான் பிரச்சினை. மேலே டெல்லி, நடுவில் சென்னை, கீழே நம்ம ஊர் என்று படிக்கட்டு மாதிரி வரைந்ததும், மாணவர்கள் அதைப் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி என்ற வரிசையாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் எதைக் கேட்டாலும் தெரிந்ததிலேயே பெரிய பெயரைச் சொல்வார்கள். கலெக்டர் என்ற பதில் அப்படி வந்ததுதான்.

"இது எந்த அரசுடையது?" என்று கேட்பதை இந்தப் பாடம் முடியும்வரை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான விஷயங்களுக்கு அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பதிலாக நான்கு கேள்விகளைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, நான்கு நாளும் அழிக்காமல் வைத்திருங்கள்: சட்டம் யார் போட்டது? பணம் யார் தருவது? வேலையைச் செய்வது யார்? கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் சொற்சிக்கல்

தமிழில் இந்தப் பாடத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'ஒன்றிய அரசு' என்று நீங்கள் சொல்லும்போது கிராமத்துப் பிள்ளையின் மனதில் வருவது பிளாக் ஆபீஸ், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒன்று 'மாநிலங்களின் ஒன்றியம்' என்று அரசியலமைப்பின் முதல் உறுப்பு சொல்லும் இந்தியா, மற்றது பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளின் ஒன்றியம். முதல் பத்து நிமிடத்தில் இதை உடைத்துச் சொல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் குழம்பிவிடும்.

அதே போல மாவட்ட ஆட்சியர் வேறு, மாவட்ட ஊராட்சித் தலைவர் வேறு. முன்னவர் தேர்வு எழுதி வந்த அதிகாரி, பின்னவர் தேர்தல் வழியாக வந்தவர். கிராம நிர்வாக அலுவலர் மாநில வருவாய்த் துறை ஊழியர், ஊராட்சிச் செயலர் கிராம ஊராட்சியின் வேலையைப் பார்ப்பவர். இருவர் அலுவலகமும் ஒரே தெருவில் இருப்பதால் பெரியவர்களே மாற்றிச் சொல்வார்கள். 'பஞ்சாயத்து' என்ற சொல்லுக்கு ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் கூடித் தீர்ப்புச் சொல்வது என்று ஒரு பொருள் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குச் சட்டத்தில் எந்த அதிகாரமும் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். சட்டப்படியான ஊராட்சிக்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது.

முதல் பாடவேளை: காகிதங்கள்

முந்தின நாளே வீட்டிலிருந்து ஏதாவது ஒரு ரசீது கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஓட்டல் பில், அரசுப் பேருந்துச் சீட்டு, ரயில் சீட்டு, அஞ்சலக சேமிப்புப் புத்தகத்தின் அட்டை, எதுவானாலும் சரி. ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாடகை வீட்டிலும் புறம்போக்கிலும் இருக்கும் பிள்ளைகளிடம் வீட்டு வரி ரசீது இருக்காது. அவர்கள் கூசிப்போகாதபடி பத்துக் காகிதங்களை நீங்களே சேர்த்து மேசையில் கலந்து வைத்துவிடுங்கள்.

ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்து வண்ணம் அடிக்க வேண்டும். இதில் ஒரு தவறு கட்டாயம் நடக்கும். தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரத்துக்கு முன்னால் சிங்க முகத் தூணும் இருக்கும். சிங்கத்தைப் பார்த்ததும் "ஒன்றிய அரசு" என்பார்கள். கீழே இருக்கும் வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் இருந்தால் மாநிலம். 'சத்யமேவ ஜயதே' என்று தேவநாகரி எழுத்தில் இருந்தால் ஒன்றியம்.

ஓட்டல் பில் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். 300 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு வரி 15 ரூபாய். அதே பில்லில் சி.ஜி.எஸ்.டி. 7.50, எஸ்.ஜி.எஸ்.டி. 7.50 என்று இரண்டு வரி இருக்கும். முதல் பாதி ஒன்றியத்துக்கு, மறு பாதி மாநிலத்துக்கு. 2017 ஜூலை 1 முதல் இப்படி. ஊராட்சிக்கு இதில் நேரடியாகப் பைசாகூட இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். "அப்போ ஊராட்சிக்குக் காசு எங்கிருந்து?" என்று யாராவது கேட்டால் பாடம் பாதி நடந்துவிட்டது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று சொந்தமாக வருவது கொஞ்சம். மிச்சம் நிதிக்குழுக்கள் பரிந்துரைக்கும் மானியம். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், ரூபாய்க்குப் பத்துக் காசு. அதை வசூலிப்பது உள்ளாட்சி, போய்ச் சேர்வது நூலகத் துறைக்கு. வசூலிப்பவர் வேறு, செலவழிப்பவர் வேறு என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

இரண்டாம் பாடவேளை: ஒரு தொட்டி, ஒரு தட்டுச் சோறு

இந்த நாளுக்கு நிறைய நேரம் கொடுங்கள். இரண்டே உதாரணங்கள் போதும்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். ஆற்றிலிருந்து குழாய் போட்டுக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அமைப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், அது மாநிலத்துடையது. வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதி. ஊருக்குள் தொட்டியை நிரப்பி, வால்வு திறந்து, குழாய் உடைந்தால் அடைப்பது கிராம ஊராட்சி. ஆகவே நம் தெருவுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் ஊராட்சித் தலைவரிடம் போக வேண்டும். சுற்றியுள்ள பத்து ஊருக்கும் வரவில்லை என்றால் கோளாறு வாரியத்தின் பக்கம் இருக்கும். எங்கே போய்க் கேட்பது என்பது எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்தது. இதைக் கரும்பலகையில் படமாக வரைந்து, ஆற்றிலிருந்து குடம்வரை ஒவ்வொரு இடத்திலும் உரியவர் பெயரை எழுதுங்கள்.

அடுத்தது அவர்கள் தட்டில் இருப்பதே. சத்துணவுத் திட்டத்தை 1982-இல் தொடங்கியது மாநில அரசு. நாடு முழுவதற்குமான திட்டம் 1995-இல்தான் வந்தது. இன்று அரிசியை ஒன்றிய அரசு தருகிறது, சமையல் செலவை ஒன்றியமும் மாநிலமும் 60-க்கு 40 என்று பகிர்கின்றன, முட்டை மாநிலத்தின் செலவு, கணக்கு வழக்கைப் பார்க்கும் சத்துணவுப் பிரிவு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில். ஒரு தட்டில் மூன்று அரசும்! 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ மாநில அரசுடையது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நான்கு கேள்விகளுக்கும் வெவ்வேறு பதில் வருவதைப் பார்ப்பார்கள்.

நேரம் மிஞ்சினால் தெருவிளக்கு. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, விளக்கும் அதற்கான மின் கட்டணமும் ஊராட்சியுடையவை. நிழற்குடையில் 'நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது ஒன்றிய அரசின் கட்டடம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரை பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு. அவர் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டித் தருவது மாவட்ட நிர்வாகம்.

மூன்றாம் பாடவேளை: இப்போது அட்டவணை

வெற்று அட்டவணையைக் கொடுத்துப் பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றியத்துக்கு நாடாளுமன்றம், மாநிலத்துக்குச் சட்டமன்றம். தமிழ்நாட்டில் 1986-இல் மேலவை கலைக்கப்பட்டபின் ஒரே அவைதான். உள்ளாட்சியில் மன்றம் உண்டு, தீர்மானம் உண்டு, சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25 வயது, உள்ளாட்சிக்கு 21. அந்தத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம், உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். கிராம ஊராட்சியில் இருப்பவர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஓட்டுப் போடுகிறார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். முதல் இரண்டும் கட்சிச் சார்பற்றவை. நகரத்தில் கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு.

அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையின் பட்டியல்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். ஒன்றியம், மாநிலம், பொது என்ற வரிசையில் தொடக்கத்தில் 97, 66, 47 பொருள்கள். இப்போது பாடநூல்களில் 100, 61, 52 என்று இருக்கும். கல்வி, காடுகள் உள்ளிட்ட ஐந்து பொருள்கள் 1976-இன் 42-வது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. பொதுப் பட்டியல் என்றால் என்ன என்பதற்கு ஜல்லிக்கட்டைச் சொல்லுங்கள், கண் விரியும். விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ள பொருள். 1960-இன் ஒன்றியச் சட்டம் குறுக்கே நின்றது. பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். 2017-இல் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் அந்த ஒப்புதலைப் பெற்றது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நான்கு நாளில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான பிரிவினையை அரசியலமைப்பே செய்திருக்கிறது. மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் இடையில் அப்படி இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-வது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொருள்களையும் பட்டியலிட்டன. ஆனால் அவற்றை உள்ளாட்சிக்குக் கொடுப்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில். பட்டியலில் இருப்பதெல்லாம் ஊராட்சியின் அதிகாரம் என்று நடத்திவிடாதீர்கள், பெரும்பாலான வழிகாட்டிகள் அங்கேதான் சறுக்குகின்றன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியலமைப்பு சொல்லியும், தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு ஊரகப் பகுதியில் 2019 டிசம்பரில் தொடங்கித்தான் தேர்தல் நடந்தது, நகரங்களில் 2022 பிப்ரவரியில். இடையில் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். சட்டமன்றத்துக்கு இப்படி நடந்ததுண்டா என்று கேட்டு, வகுப்பைப் பேச விடுங்கள். பேச்சு கட்சிப் பக்கம் திரும்பினால், நான்கு கேள்விகளைக் காட்டித் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

கலெக்டரை இங்கே மறுபடி கொண்டுவாருங்கள். அவரைத் தேர்ந்தெடுப்பது ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம், பணியில் அமர்த்தி வேலை வாங்குவது மாநில அரசு, ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. அட்டவணையின் மூன்று பத்தியிலும் அவர் தலைகாட்டுவதால்தான் உங்கள் மாணவன் எல்லாவற்றுக்கும் அவரைச் சொல்கிறான். அவனைத் திட்டாதீர்கள், அவன் எதையோ சரியாகப் பார்த்திருக்கிறான்.

குடவோலை முறையைப் பலர் முதல் நாளே எடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு அருமையான செய்திதான், ஆனால் அதில் தொடங்கினால் உள்ளாட்சி பழங்காலப் பெருமையாகிவிடும், தெருக்குழாய் மறந்துபோகும். இந்த மூன்றாம் நாளின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பாடவேளை: மாதிரி கிராம சபை

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நமக்காக வேறொருவர் உட்காருகிறார். கிராம சபையில் வாக்காளர்களே உட்காருகிறார்கள். இந்த வேறுபாட்டை நடித்துக் காட்டினால்தான் புரியும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேராவது வர வேண்டும்.

எட்டுக் குறைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். அதில் மூன்று மட்டும் ஊராட்சி தீர்க்கக்கூடியதாக இருக்கட்டும். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைப்பு, இப்படி. மற்றவை ரயில் நிற்கவில்லை, பேருந்து நேரத்துக்கு வரவில்லை, பட்டா மாறவில்லை, அஞ்சலகத்தில் பணம் வரவில்லை, மாநில நெடுஞ்சாலையில் பள்ளம் என்று கலந்திருக்கட்டும். தலைவராக நடிக்கும் மாணவி ஒவ்வொன்றையும் கேட்டு, "இது நம்ம வேலை" என்றோ "இதை இன்னாருக்கு அனுப்பணும்" என்றோ காரணத்தோடு சொல்ல வேண்டும். "மேலிடத்துக்கு அனுப்புகிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த அலுவலகம் என்று பெயர் வர வேண்டும். சாலைப் பள்ளத்தில் தடுமாறுவார்கள். மைல்கல்லின் தலை மஞ்சளா பச்சையா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம்.

தேர்வுக்கு "மூன்றையும் ஒப்பிடுக" என்ற கேள்வியைக் கொடுத்தால் மனப்பாடம் திரும்பி வந்துவிடும். "உன் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. பக்கத்து ஊருக்கு வருகிறது. யாருக்கு மனு எழுதுவாய்? ஏன் அவருக்கு?" என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் சரியான அலுவலகத்துக்கு இரண்டு, காரணத்துக்கு மூன்று.