பிரியாணிப் பந்தயமும் கங்காருவின் எடையும்

(கால்நடை டாக்டர் பதில்கள்)

என் மகன் ஏழாவது படிக்கிறான். கங்காரு 30 கிலோ இருக்கும் என்று அவனுடைய பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் தம்பியோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் காட்டி, "ஆள் கனம்டா, 90 கிலோ" என்கிறான். தோற்றவர் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, காட்பாடி

உங்கள் தம்பி காட்டிய படம் எதுவென்று ஊகிக்க முடிகிறது, அம்மா. தோளும் புஜமும் திரண்ட ஒரு கங்காரு, தகர வாளியை நசுக்கிக் கையில் வைத்துக்கொண்டு முறைக்கும். அதுதானே? அதன் பெயர் ரோஜர். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் உள்ள ஒரு சரணாலயத்தில் வளர்ந்தது. நிமிர்ந்து நின்றால் 2 மீட்டர் உயரம், எடை 89 கிலோ. 2018-ல் 12 வயதில் இறந்துபோனது. ஆக, தம்பி ஒரே ஒரு கிலோதான் கூட்டிச் சொல்லியிருக்கிறார். பையனின் புத்தகத்திலும் தப்பில்லை. தப்பு கேள்வியில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய், "மாடு எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தரகர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "இன்னா மாடு சாமி? காளையா, பசுவா? எத்தினி பல்லு?" என்பார். கங்காருவுக்கும் அதே மூன்று கேள்விதான்.

முதலில், எந்த இனம்? கங்காரு என்று நாம் ஒரே பேரில் சொல்வது ஒரு பெரிய பங்காளிக் கூட்டத்தை. அதில் கடைக்குட்டி, குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் இருக்கும் கஸ்தூரி எலிக்கங்காரு. அரைக் கிலோ, அவ்வளவுதான். நம் வீட்டுப் பெருச்சாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் பெருச்சாளிதான் பெரிதாகத் தெரியும். குவாக்கா என்று சிரித்த முகத்தோடு ஒன்று இருக்கிறது, அது மூன்று நான்கு கிலோ, ஒரு நல்ல சண்டைச்சேவல் எடை. மேலே வந்தால் மேற்குச் சாம்பல் கங்காருவில் ஆண் 50 கிலோவைத் தாண்டும், கிழக்குச் சாம்பல் கங்காருவில் 65-ஐத் தொடும். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் கங்காரு, 85, 90 வரை. ரோஜர் இந்த இனம். இன்றைக்கு உயிரோடு இருக்கிற பைப்பாலூட்டிகளில் இதைவிடப் பெரியது கிடையாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் புரோகாப்டோடான் என்று ஒன்று இருந்து அழிந்தது. அது 230 கிலோவுக்கும் மேலே. நம் ஊர் நாட்டுமாட்டுப் பசு ஒன்றின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆணா பெண்ணா? பந்தயமே இங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆண் சிவப்புக் கங்காரு 85 கிலோ என்றால், பக்கத்தில் மேய்கிற அதன் ஜோடி 35 கிலோவோடு நின்றுவிடும். முழுதாகப் பாதிகூட இல்லை. நிறமும் வேறு. ஆண் செம்மண் நிறம், பெண் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல். தெரியாதவர் பார்த்தால் இரண்டு ஜாதி என்றே சொல்வார்.

ஏன் இப்படி? ஆணுக்குச் சண்டை. எது பெரிசோ அதற்குத்தான் பெண் கங்காரு. பின்காலால் எட்டி உதைத்தும், முன்கையால் பிடித்துத் தள்ளியும் சண்டை போடும். அதனால்தான் வயதாக ஆக அந்தத் தோளும் முன்கையும் அப்படித் திரளுகிறது. பெண்ணுக்கோ, பருவத்துக்கு வந்ததும் சாப்பிடுகிற சாப்பாடெல்லாம் பாலாகப் போய்விடுகிறது. நல்ல மழைக்காலத்தில் ஒரு பெண் சிவப்புக் கங்காருவிடம் மூன்று பிள்ளை கணக்கு இருக்கும்: பையை விட்டு இறங்கியும் பால்குடி மறக்காதது ஒன்று, பைக்குள்ளே ஒன்று, வயிற்றில் வளராமல் காத்துக்கொண்டிருக்கும் கரு ஒன்று. உடம்பு எங்கே ஏறும்?

மூன்றாவது, வயசு. நம்ம ஆடு மாடு ஒரு குறிப்பிட்ட வயது வரைக்கும் வளரும், அப்புறம் கொழுப்புதான் ஏறும். ஆண் கங்காரு அப்படி இல்லை. வேகம் குறையுமே தவிர, ரொம்ப வருஷத்துக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரே கூட்டத்தில் 25 கிலோ ஆணும் இருக்கும், 80 கிலோ ஆணும் இருக்கும், இரண்டும் பருவத்துக்கு வந்தவைதான். வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குப் பொய்கைத் தரகர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். இவர்கள் மாட்டின் வாயைப் பிளந்து, "நாலு பல்லு, கடை சேரல" என்பார்கள். அங்கேயும் பல்தான். கங்காருவின் கடைவாய்ப்பற்கள் வருஷம் போகப்போக தாடையில் முன்னால் நகர்ந்து வரும், தேய்ந்தது முன்பக்கமாக விழும். எது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வயசு சொல்கிறார்கள்.

தரகர் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று உண்டு: மழை பெய்ததா? பஞ்ச வருஷத்தில் பிறந்த குட்டியின் வளர்ச்சி பின்தங்கும். தாயும் இளைக்கும், இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடும். அதனால் ஆய்வு செய்பவர்கள் எடையை மட்டும் நம்புவதில்லை. மயக்க ஊசி போட்டு, சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிடுவதோடு, கால் நீளத்தையும் பாத நீளத்தையும் அளந்துகொள்வார்கள். எடை ஏறும், இறங்கும். எலும்பு இறங்காது.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அணைக்கட்டு பக்கம் ஒரு முகாம். ஒரு காளையைக் கண்ணால் அளந்து 300 கிலோ என்று எழுதிக் குடற்புழு மருந்து கணக்குப் போட்டேன். கூட வந்த வயதான உதவியாளர் ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து நெஞ்சைச் சுற்றினார், தோளிலிருந்து வால் வரைக்கும் பிடித்தார். 250-தான் வந்தது. "வயிறு நிறைய மல்லாட்டைக் கொடி (வேர்க்கடலைக் கொடி) தின்னுட்டு வந்துகீது சார்" என்றார். கங்காருவுக்கும் தின்ற புல்லைப் புளிக்க வைக்கிற பெரிய இரைப்பைதான். மேய்ந்து வந்ததும் நிறுத்தால் ஒரு எடை, வெறும் வயிற்றில் நிறுத்தால் வேறொரு எடை.

பந்தயத்துக்கு என் தீர்ப்பு: பிரியாணி வாங்கவேண்டியது தம்பிதான். ரோஜர் மாதிரி கிழட்டு ஆண் ஒரு கூட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சமெல்லாம் பெண்களும் வளர்கிற இளசுகளும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் 30-க்குப் பக்கத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கத்தரிக்காய்த் தொக்கையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நம் வேலூர் வெயிலைக் கங்காரு தாங்குமா? இங்கே வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், ஆற்காடு

வெயிலைத் தாங்கும். சிவப்புக் கங்காரு வறண்ட உள்நாட்டுப் பிராணி. உச்சி வெயிலில் நிழலில் படுத்து, முன்கையை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். அங்கே தோலை ஒட்டியே ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கின்றன, எச்சில் காயக் காய ரத்தம் குளிரும். நாம் மே மாதத்தில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிற அதே வித்தை.

வளர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தில் ஜல்பாய்குரி பக்கம் ரோட்டோரம் கங்காருகள் திரிந்தது ஞாபகம் இருக்கிறதா? கடத்தி வந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்றுதான் பேச்சு. அந்த வீடியோவில் ஒன்றின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. அதைப் பார்த்தபிறகு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமிர்தி விலங்குப் பூங்காவுக்குப் போய்ப் புள்ளிமானைப் பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

ஆண் கங்காருவுக்கும் பை உண்டா? பிறந்த குட்டி எவ்வளவு எடை இருக்கும்?
– எட்டாம் வகுப்பு மாணவி, குடியாத்தம்

ஆணுக்குப் பை கிடையாது, கண்ணு. குட்டி 33 நாளில் பிறந்துவிடும், ஒரு கிராம்கூட இருக்காது. உரித்த மல்லாட்டைப் பருப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார், அந்தக் கனம்தான். 300 கிலோ பசு 20 கிலோவுக்குக் கன்று போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதை நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அந்தப் பொடிசு தானாகவே ஊர்ந்து பைக்குள் போய் ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். மொத்தம் நாலு காம்பு. வெளியே இறங்கிவிட்ட அண்ணனோ அக்காவோ தலையை மட்டும் உள்ளே விட்டு வேறொரு காம்பில் குடிக்கும். ஒரே தாய், ஒரே நேரம், ஆனால் சின்னதுக்கு வரும் பால் நீர்த்தது, பெரியதுக்கு வருவது கொழுப்பு மிகுந்தது. நம் பால் சொசைட்டியில் ஃபேட் பார்க்கிறவரிடம் இந்த இரண்டையும் கொண்டுபோய் நீட்டினால், ஒன்றில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.