பழமொழி சரி, அதை எப்படிச் செய்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்வி பதில்

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழமொழியையும் அதை நடைமுறைப்படுத்தும்போது வரும் சிக்கலையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தோம். எவ்வளவு, எப்போது, எதுவரை என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கிற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு எல்லாரும் சொல்றாங்க. மண்டியில தக்காளி நல்ல விலை போகுது. இருக்கிற மூணு ஏக்கர்லயும் நாத்து நட்டுடலாமா?

வேண்டாம் தம்பி. தூற்ற வேண்டுமென்றால் அடித்த நெல் களத்தில் கிடக்க வேண்டும். உங்களிடம் இப்போது காற்று மட்டும்தான் இருக்கிறது. நாற்றங்காலில் 25 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். ஆக, உங்கள் பழம் மண்டிக்கு வர மூன்று மாதம் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து ராயக்கோட்டையில் நடுகிறவரும் அதே வாரத்தில்தான் வண்டி ஏற்றுவார். வைத்திருந்து விற்கத் தக்காளி ஒன்றும் புளி இல்லை.

ஒரு ஏக்கரில் மட்டும் நடுங்கள். அதையும் மூன்று துண்டாக்கி, 15 முதல் 20 நாள் இடைவெளி விட்டு நடுங்கள். ஒரு துண்டு விலையில் அடிபட்டாலும் அடுத்தது பிழைக்க வாய்ப்பு உண்டு. மீதி இரண்டு ஏக்கரில் வைத்திருந்து விற்கக்கூடிய பயிர் எதையாவது போடலாம்.

இப்போதே ஒரு கணக்கு எழுதி வையுங்கள். ஒரு கிரேட்டுக்குப் பறிகூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் மூன்றையும் கூட்டினால் எவ்வளவு? விலை அதற்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் மண்டிக்கு ஏற்றுவது கூடுதல் நட்டம். நாற்று, உரம், மருந்துக்குப் போன காசை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பறித்தாலும் பறிக்காவிட்டாலும் போனதுதான். இதைச் சேர்த்துப் பார்த்துத்தான் பலர் "இவ்வளவு போட்டுட்டு விடறதா" என்று இன்னும் காசை இழக்கிறார்கள். அழுகிய பழத்தை மட்டும் செடியிலிருந்து எடுத்துப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ப்புழு பெருகும்.

காய்த்து நிற்கிற தோட்டம் ஏற்கெனவே இருந்தால் அப்போது பழமொழி அப்படியே பொருந்தும். இன்னும் ஏறும் என்று காத்திருக்காமல் நிறம் திரும்பும்போதே பறித்து அனுப்பிவிடுங்கள்.

நல்லம்பள்ளி: ஐயா, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுன்னு தெரியும். அதனாலதான் போர் தண்ணியை நல்லா கொதிக்க வெச்சு ஆறவெச்சு குழந்தைக்குக் கொடுக்கறேன். போதும்தானே?

கிருமிக்குப் போதும் அம்மா. ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் அதிகமாகக் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புக்கு அது நேர்மாறு. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் 2 லிட்டரை 1.5 லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், மிஞ்சுவதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும். இந்திய தர நிர்ணயம் சொல்லும் அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். துணியில் வடிகட்டுவது, மெழுகுவர்த்தி ஃபில்டர், யு.வி. விளக்கு எதுவும் இதைக் குறைக்காது. ஆர்.ஓ. குறைக்கும், அதுவும் மெம்பரேன் நன்றாக இருக்கிறவரைதான்.

எட்டு வயதுவரை நிலைப்பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் விழும் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் தானாக மறையாது. ஆகவே குழந்தைக்குத்தான் முதல் பங்கு. நாலு பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். அந்த இரண்டு குடமும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீராக இருக்கட்டும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர். "குடிக்கறதுக்கு மட்டும் நல்ல தண்ணி, சமையலுக்கு போர்" என்று பிரிக்கிற வீடுகள் நிறைய. களி கிண்டும் தண்ணீர் முழுக்க களிக்குள்தானே போகிறது? டீத்தூளிலும் ஃப்ளோரைடு உண்டு, சின்னப் பிள்ளைக்கு டீ வேண்டாம்.

பரிசோதிக்க: மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது, ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கும்போது "ஃப்ளோரைடு பார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை பார்ப்பது நல்லது.

ஊத்தங்கரை: சிறுதுளி பெருவெள்ளம். 600 சதுர அடி மாடிக்கு எவ்வளவு வெள்ளம், சார்?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மாடி சுமார் 56 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 560 லிட்டர், ஊறியதும் தெறித்ததும் போக 450 கைக்கு வரும். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விடுங்கள்.

ஓசூர்: ஆழம் தெரியாம காலை விடாதேங்கறாங்க. ஒரு லட்சம் லோன், 10 பர்சென்ட் தான்னு சொல்றாங்க. ஆழத்தை எதை வெச்சு அளக்கறது?

"ஃப்ளாட்டா, குறையும் நிலுவையிலா?" என்று முதலில் கேளுங்கள். ஃப்ளாட் 10 சதவீதம், 24 மாதம் என்றால் வட்டி 20,000, மாதத் தவணை 5,000. நீங்கள் அசலை மாதாமாதம் கட்டிக் குறைத்தாலும் வட்டி மட்டும் கடைசிவரை முழு ஒரு லட்சத்துக்கும் ஓடும். உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் கட்டுகிறீர்கள். பிராசஸிங் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் ஏறும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடனுக்கு முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியில் எல்லாச் செலவும் சேர்ந்த விகிதம் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். கைமாற்றில் "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம். காதுக்குச் சின்ன எண்ணாகத்தான் கேட்கும்.

வட்டி ஒரு ஆழம் என்றால் உங்கள் சம்பளம் இன்னொன்று. கடன் வாங்கும் முன் மூன்று மாதம் அதே 5,000 ரூபாயை, சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஓவர்டைம் இல்லாத மாதமும் அதில் ஒன்றாக இருக்கட்டும். ஒரு மாதம் எடுத்துச் செலவழிக்க நேர்ந்தால் தவணைத் தொகை உங்களுக்கு அதிகம். நேராவிட்டால் 15,000 கையில் இருக்கும், அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து வாங்கலாம்.

காரிமங்கலம்: ஐயா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு அப்பா வாயைத் திறக்க மாட்டேங்கறார். பங்காளி வருஷா வருஷம் வரப்பை ஒரு சாண் வெட்டி உள்ள வர்றார்.

பேச்சில் அப்பா பொறுக்கட்டும், காகிதத்தில் பொறுக்க வேண்டாம். எதிராளி தன்னுடையதென்று வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவித்து வந்தால், அதை மீட்க வழக்குப் போட 12 ஆண்டுதான் வரம்பு. அதன்பின் அவர் அனுபவ பாத்தியதை பேசலாம். பட்டாவையும், நில எல்லை அளவைக் காட்டும் புலப்படத்தையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா. பிறகு கட்டணம் கட்டி அளக்க மனுக் கொடுங்கள். அறுவடை முடிந்த நேரமாகப் பாருங்கள், பயிர் நிற்கும்போது சங்கிலி பிடிக்க முடியாது. பங்காளியும் அன்று நிலத்தில் இருப்பது நல்லது, பின்னால் "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு வராது. நட்ட கல்லைப் படம் எடுத்து வையுங்கள். அவர் கல்லைப் பிடுங்கினால் நீங்கள் திரும்ப நடாதீர்கள், புகாரும் சிவில் கோர்ட்டும்தான் வழி.

பென்னாகரம்: ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. ஆடி முடியப் போவுது, இன்னும் மழை இல்லை. ராகியை விதைச்சுடலாமா?

மாதத்தைவிட ஈரம் முக்கியம். அரையடி ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் விதைக்காதீர்கள். மேல்மழையில் முளைத்து, அடுத்த பத்து நாளில் காய்ந்து போகும். உருண்டை பிடித்து, விரலால் தட்டியதும் உடைந்தால் விதைக்கலாம், ஏக்கருக்கு 4 கிலோ. எட்டு வரிசைக்கு ஒரு வரிசை மொச்சை போட்டால் ராகி ஏமாற்றினாலும் வெறுங்கை ஆகாது.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நாற்றங்கால் விட்டுக் காத்திருக்கலாம், ஏக்கருக்கு 2 கிலோ விதை. நாற்று 18 முதல் 20 நாளில் நட வேண்டும், முற்றினால் தூர் கட்டாது. ஆகவே விதையை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு பாத்தியாக விடுங்கள். மழை தள்ளிப்போய் ஒன்று முற்றினாலும் மற்றது பதத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆவணி கடைசிவரை வராவிட்டால் ராகியை விட்டுவிட்டுப் புரட்டாசியில் கொள்ளு விதையுங்கள்.